மாற்றுச் சிறுநீரகத்துடன் வாழும் கணவருக்குக் கல்லீரல் புற்றுநோய்: உள்கதிர்வீச்சுச் சிகிச்சைக்குச் சம்மதிக்கலாமா?

ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றிலிருந்து 52 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சுருக்கத்தை இங்கே தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 57 வயது. சிறிய காப்பித் தோட்டமும் அதில் ஊடுபயிராக மிளகும் வைத்திருக்கிறார்கள். கணவரின் சிறுநீரகங்கள் செயலிழந்து, சேலத்தில் இரண்டு ஆண்டுகள் டயாலிசிஸ் செய்துகொண்ட பிறகு, 2012-இல் மனைவியே தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அது கணவரின் வலது அடிவயிற்றில் பொருத்தப்பட்டிருக்கிறது. டயாலிசிஸ் காலத்தில் தொற்றிய ஹெபடைடிஸ் சி கிருமிக்கு 2017-இல் மாத்திரை கொடுத்து, கிருமி போய்விட்டது என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதன்பின் கல்லீரலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இப்போது பசியின்மைக்காக எடுத்த ஸ்கேனில், கல்லீரலின் வலப்பகுதியில் 5.5 செ.மீ. அளவுள்ள ஒரே கட்டி தெரிந்திருக்கிறது. கல்லீரல் புற்றுநோயில் கூடக்கூடிய ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் புரதம் 410, மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் 1.1, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.6, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் 84,000. வயிற்றில் நீர் கோக்கவில்லை. அறுவை சிகிச்சை பாதுகாப்பல்ல என்றும், ரத்தக்குழாய் வழியாகக் கதிர்வீச்சுத் துகள்களைச் செலுத்தும் சிகிச்சை பொருத்தமானது என்றும் மருத்துவர்கள் கூறியிருக்கிறார்கள்.

சகோதரியின் கேள்விகள் இவை: "நான் கொடுத்த சிறுநீரகத்தைக் கதிர்வீச்சு அழித்துவிடுமா? சதைப் பரிசோதனை செய்யாமலே புற்றுநோய் என்று எப்படிச் சொல்கிறார்கள்? மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்கப் போடும் மாற்று மாத்திரைகளால்தான் புற்றுநோய் வந்தது, நிறுத்திவிடுங்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள், நிறுத்தலாமா? எதிர்ப்புச் சக்திக்காக இரண்டு வாரமாகச் சீந்தில் கஷாயம் கொடுக்கிறேன், தொடரலாமா? ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் பிரசவத்துக்கு வீட்டுக்கு வரப்போகிறாள், ஆபத்தா? கட்டி என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருக்கிறோம். நானே கையெழுத்துப் போட்டுவிடலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியனுப்பிய அளவுகளை வைத்துப் பார்க்கும்போது, உங்கள் மருத்துவர்கள் பரிந்துரைத்திருப்பது நியாயமான சிகிச்சை என்றே ஒரு கல்லீரல் மருத்துவராக நான் கருதுகிறேன். நேரில் பரிசோதித்தவர்களின் முடிவை மாற்றும் அதிகாரம் இந்தப் பதிலுக்கு இல்லை. ஆனால் உங்கள் அச்சம் தவறான இடத்தில் நிற்கிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். கதிர்வீச்சு அந்தச் சிறுநீரகத்தை அழித்துவிடும் என்று அஞ்சுகிறீர்கள். அதற்குக் கெடுதல் வருமானால், அது சிகிச்சையைச் சுற்றி நடக்கும் மற்ற வேலைகளாலும், வீட்டில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சில காரியங்களாலுமே வரும். அவற்றில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை.

முதலில் இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஹெபடைடிஸ் சி கிருமி போய்விட்டது என்று 2017-இல் சொன்னது பொய்யல்ல. ஆனால் கிருமி போவதற்கு முன்பே கல்லீரல் தழும்பேறி, சிரோசிஸ் எனப்படும் நிலையை அடைந்திருந்தால், புற்றுநோய்க்கான வாய்ப்பு குறையுமே தவிர முற்றிலும் நீங்காது. அதனால்தான் கிருமி போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பார்க்க வேண்டும் என்கிறோம். இது உங்களுக்குச் சொல்லப்படாமல் போயிருக்கலாம். அதற்காக உங்களை நீங்களே குற்றஞ்சாட்டிக்கொள்ள வேண்டாம். இரண்டாவது, சதைப் பரிசோதனை. சிரோசிஸ் உள்ள கல்லீரலில் கட்டி ஒன்று, ஸ்கேனில் ரத்த ஓட்டத்தைத் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தியதும், அது தமனிகள் வழியாக வந்து சேரும் முதல் கட்டத்தில் பளிச்சென்று ஒளிர்ந்து, அடுத்த கட்டங்களில் சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கிப் போனால், அந்தத் தோற்றமே கல்லீரல் புற்றுநோயை உறுதி செய்யப் போதுமானது என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நடைமுறை. தட்டணுக்கள் குறைந்த ஒருவருக்குத் தேவையின்றி ஊசி குத்தாமல் விட்டது நல்லதே. உங்கள் ஸ்கேன் அறிக்கையில் இந்த இரண்டு தன்மைகளும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள்.

கதிர்வீச்சு சிறுநீரகத்தை எட்டுமா?

கல்லீரலுக்கு இரண்டு வழிகளில் ரத்தம் வருகிறது. நலமான கல்லீரல் திசு தன் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை, குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையிலிருந்து பெறுகிறது. புற்றுக் கட்டியோ பெரும்பாலும் கல்லீரல் தமனியை நம்பியே வளர்கிறது. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தித்தான் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் ஒன்றைக் கட்டிக்குச் செல்லும் தமனிக் கிளைவரை கொண்டுபோய், இட்ரியம்-90 என்ற கதிரியக்கப் பொருளைத் தாங்கிய நுண்ணிய கண்ணாடி அல்லது ரெசின் துகள்களைச் செலுத்துகிறார்கள். தலைமுடியின் பருமனைவிடச் சிறிய அந்தத் துகள்கள் கட்டியின் நுண்குழாய்களில் சிக்கிக்கொண்டு, அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிடுகின்றன.

இட்ரியம்-90 வெளியிடுவது பீட்டா கதிர். அது திசுவுக்குள் சராசரியாக 2.5 மி.மீ. தூரமும், அதிகபட்சமாக 11 மி.மீ. தூரமும் மட்டுமே செல்லும். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 64 மணி நேரம். 11 நாட்களுக்குள் தன் ஆற்றலில் 94 விழுக்காட்டைச் செலவழித்துவிடும். கல்லீரல் வலது விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கிறது. நீங்கள் கொடுத்த சிறுநீரகம் இடுப்பெலும்பை ஒட்டி, அடிவயிற்றில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை இந்தக் கதிர் கடக்க வழியே இல்லை.

இந்தச் சிகிச்சையில் கதிர்வீச்சு வழிதவறிச் சென்றால் பாதிக்கப்படக்கூடியவை நுரையீரலும் இரைப்பையும்தான். அதனால்தான் துகள்களைச் செலுத்துவதற்கு ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்கு முன் ஒத்திகையாக ஒரு ஆஞ்சியோகிராம் செய்து, டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த புரதத் துகள்களைச் செலுத்தி, அவற்றில் எவ்வளவு நுரையீரலுக்குக் கசிகிறது என்று அளக்கிறார்கள். ஒரே தவணையில் நுரையீரலுக்கு 30 கிரேக்கு (கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் போகக்கூடாது என்பது பொதுவான வரம்பு. ஒத்திகையில் கசிவு அதிகமாகத் தெரிந்தால், அளவைக் குறைப்பார்கள் அல்லது சிகிச்சையையே கைவிடுவார்கள். இந்த ஒத்திகை வீண்செலவு என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

சிறுநீரகத்துக்கு உண்மையான ஆபத்து எங்கே?

ஒத்திகைக்கு ஒருமுறை, சிகிச்சைக்கு ஒருமுறை என்று இரண்டு தடவை ஆஞ்சியோகிராம் நடக்கிறது. இரண்டிலும் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்து தேவை. கிரியேட்டினின் 1.6 என்றால், அவர் வயதுக்குச் சிறுநீரக வடிகட்டும் திறன் 50-ஐ ஒட்டி வரும். 30-க்குக் கீழே உள்ளவர்களுக்கு இருக்கும் அளவு அபாயம் இவருக்கு இல்லை. ஆனாலும், அவருக்கு வேலை செய்வது ஒரே ஒரு சிறுநீரகம்; அதன் ரத்த ஓட்டத்தைச் சற்றே குறைக்கும் டாக்ரோலிமஸ் என்ற மாற்று மாத்திரையையும் அவர் சாப்பிடுகிறார். ஆகவே முன்னும் பின்னும் சலைன் ஏற்றுவது, கான்ட்ராஸ்டின் அளவைக் கூடுமானவரை குறைப்பது, இயலும் இடங்களில் கரியமில வாயுவைக் கொண்டு ரத்தக்குழாயைப் படமெடுப்பது, இரண்டு ஆஞ்சியோகிராமுக்கும் இடையில் கிரியேட்டினின் பழைய அளவுக்குத் திரும்பியதை உறுதி செய்வது ஆகியவற்றைப் பற்றிப் பேசுங்கள். அதே வாரத்தில் இன்னொரு கான்ட்ராஸ்ட் சி.டி. ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தால், அதைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்கத் தயங்க வேண்டாம். ஒவ்வொரு ஆஞ்சியோகிராமும் முடிந்த 48 முதல் 72 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் பார்க்க வேண்டும்.

அடுத்து நான் சொல்வதை நீங்களே முன்வந்து ஆஞ்சியோகிராம் செய்யும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாற்றுச் சிறுநீரகத்தின் தமனி, காலுக்குச் செல்லும் இலியாக் தமனியோடு இணைக்கப்பட்டிருக்கும். சிறுநீரகம் வலப்பக்கம் இருப்பதால், வலது தொடை இடுக்கில் கதீட்டர் நுழைப்பதைத் தவிர்ப்பது நல்லது. இடது தொடையோ மணிக்கட்டோ பொருத்தம். மணிக்கட்டு என்றால், டயாலிசிஸுக்காகப் பிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் அறுவை) போட்ட கையாக அது இருக்கக்கூடாது. 2012-ஆம் ஆண்டின் அறுவை சிகிச்சைக் குறிப்பு கையில் இருந்தால் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். இல்லாவிட்டாலும், எந்தப் பக்கம் சிறுநீரகம், எந்தக் கையில் பிஸ்டுலா என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். கல்லீரல் பிரிவுக்குச் சிறுநீரகப் பிரிவின் பழைய கோப்பு போய்ச் சேராமல் இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு மருத்துவர்களும் ஒருமுறையாவது ஒருவரோடொருவர் பேச வேண்டும் என்று வற்புறுத்துங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவாகாது.

வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள் என்பதற்காகக் காலை மாத்திரைகளை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. டாக்ரோலிமஸையும் பிரெட்னிசோலோனையும் ஒரு வாய்த் தண்ணீரோடு போடலாமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் போடச் சொல்வார்கள். அன்று டாக்ரோலிமஸ் அளவு பார்க்க ரத்தம் எடுப்பதாக இருந்தால், ரத்தம் எடுத்த பிறகு போட வேண்டும். உடம்பு வலிக்குக் கடையில் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வாங்கிக் கொடுக்கவே கூடாது. தேவையானால் பாராசிட்டமால், அதுவும் ஒரு நாளைக்கு மொத்தம் 2 கிராமைத் தாண்டாமல். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளும், பூஞ்சைத் தொற்றுக்கான சில மாத்திரைகளும் டாக்ரோலிமஸ் அளவைத் திடீரென்று ஏற்றிச் சிறுநீரகத்தை வருத்தும். பம்பளிமாஸ் பழமும் அப்படித்தான். புதிதாக எந்த மருந்தை யார் எழுதிக்கொடுத்தாலும் மாற்று மாத்திரைச் சீட்டை அவர்களிடம் காட்டுங்கள்.

மாற்று மாத்திரைகளும் சீந்தில் கஷாயமும்

உங்கள் உறவினர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைப் பல்லாண்டுகள் சாப்பிடுவோருக்குச் சில வகைப் புற்றுநோய்கள் கூடுதலாக வருகின்றன. ஆனால் உங்கள் கணவரின் கல்லீரல் கட்டிக்கு வேர், ஹெபடைடிஸ் சி உண்டாக்கிய சிரோசிஸ்தான். இப்போது மாத்திரையை நிறுத்தினால் கட்டி கரையாது. உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கும். மீண்டும் டயாலிசிஸுக்குப் போனால் புற்றுநோய்க்கான சிகிச்சையே கடினமாகிவிடும். மருந்தின் அளவைச் சற்றுக் குறைப்பதா, மைகோபினோலேட் என்ற மாற்று மாத்திரையைக் குறைப்பதா, எவரோலிமஸ் அல்லது சிரோலிமஸ் என்ற வேறு மாற்று மாத்திரைக்கு மாற்றுவதா என்பவை உண்மையான தெரிவுகள். கடைசியாகச் சொன்ன இரண்டு மருந்துகளுக்கும் கட்டி வளர்ச்சியைத் தடுக்கும் தன்மை ஓரளவு உண்டு. ஆயினும் அவை சிறுநீரில் புரதக் கசிவையும் புண் ஆறுவதில் தாமதத்தையும் உண்டாக்கலாம். இதைத் தீர்மானிக்க வேண்டியவர் உங்கள் சிறுநீரக மருத்துவர் ஒருவரே.

சீந்தில் கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள். நீங்கள் அன்போடு காய்ச்சிக் கொடுத்ததை அறிவேன்; ஆனால் மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவருக்கு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவது, அந்தச் சிறுநீரகத்தைத் தாக்கச் சொல்லித் தூண்டுவதாகவே முடியும். மேலும் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதியிருக்கிறார்கள். இரண்டு வாரம் கொடுத்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, கல்லீரல் பரிசோதனைகளையும் கிரியேட்டினினையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கட்டியால் ஏற்படாத மாற்றம் ஏதேனும் இருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

வேறு வழிகள் இல்லையா?

இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் இவருக்கு ஓரிடத்தில் முட்டுகிறது. தட்டணுக்கள் 84,000 என்பது போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடியிருப்பதன் அடையாளம். அந்நிலையில் கல்லீரலை வெட்டினால் மிச்சமிருக்கும் பகுதி தாங்காமல் போகலாம். ஊசி வழியாகக் கட்டியைச் சுட்டுப் பொசுக்கும் முறை 3 செ.மீ. வரையுள்ள கட்டிகளில்தான் நன்கு பலன் தரும். கீமோ மருந்தைச் செலுத்தித் தமனியை அடைக்கும் டேஸ் முறை ஒரு நல்ல மாற்றே. ஆனால் இந்த அளவுக் கட்டிக்குப் பெரும்பாலும் அதைத் திரும்பத் திரும்பச் செய்ய நேரும். ஒவ்வொரு முறையும் கான்ட்ராஸ்ட் உண்டு, காய்ச்சலும் வலியும் கூடுதல். வெளியிலிருந்து துல்லியமாகக் குறிவைக்கும் கதிர்வீச்சும் சிலருக்குப் பொருந்தும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.

நோய் முற்றிய நிலையில் 2020 முதல் முன்னிலை பெற்றிருக்கும், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிப் புற்றைத் தாக்கவைக்கும் இம்யூனோதெரபி ஊசிகளைப் பற்றி யாராவது சொல்லக்கூடும். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர்களுக்கு இவ்வகை ஊசிகள் கொடுக்கப்பட்ட பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்குச் சிறுநீரக நிராகரிப்பு ஏற்பட்டிருந்தது. மற்றவர்களுக்குக் கைகொடுக்கும் அந்தக் கதவு இவருக்குப் பாதி மூடியிருப்பதால்தான், கட்டி ஒரே இடத்தில் இருக்கும் இந்த வேளையிலேயே அதை வலுவாகத் தாக்கிவிட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பலன் எவ்வளவு என்று கேட்பீர்கள். 2021-இல் வெளியான லெகசி என்ற ஆய்வில், 8 செ.மீ. வரையுள்ள ஒரே கட்டியோடு, கல்லீரல் நன்றாக இயங்கிய 162 பேருக்கு இட்ரியம் கண்ணாடித் துகள் சிகிச்சை தரப்பட்டது. மூன்று ஆண்டு முடிவில் 86.6 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தனர். இதை அப்படியே உங்கள் கணவருக்குப் பொருத்திவிடாதீர்கள். அவர்களுடைய கட்டிகளின் நடுத்தர அளவு 2.7 செ.மீ.தான், சிலர் பின்னர் அறுவை சிகிச்சையோ கல்லீரல் மாற்றோ பெற்றவர்கள். அது நம்பிக்கைக்கு இடம் தருகிறதே தவிர உறுதிமொழி தரவில்லை. கட்டி 5 செ.மீ.க்குள் சுருங்கி, புதிய கட்டி எதுவும் தோன்றாமல் இருந்தால், கல்லீரல் மாற்றுக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் மிலன் அளவுகோலுக்குள் அவர் வந்துவிடுவார். அந்த வாய்ப்பு இவருக்கு உண்டா என்று இப்போதே கேட்டுவைப்பது நல்லது.

சிகிச்சைக்குப் பிறகு

இரண்டு வாரங்களுக்கு அசதி, பசியின்மை, லேசான குமட்டல் இருக்கலாம். லேசான காய்ச்சலும் வரலாம். ஆனால் இவர் சாப்பிடும் மருந்துகள் தொற்றின் அறிகுறிகளை மறைத்துவிடும் என்பதால், 100.4 டிகிரியைத் தொட்டால் சிகிச்சையின் விளைவு என்று வீட்டிலேயே முடிவு செய்யாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதற்காகவே, முதல் பத்து நாட்களுக்குச் சேலத்தில் உறவினர் வீட்டில் தங்குங்கள் என்பேன். மூடுபனியில் இரவு நேரத்தில் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்க வேண்டிய நிலை வரக்கூடாது. நான்கு முதல் எட்டு வாரங்களில் கண் மஞ்சளாவது, வயிறு உப்புவது தெரிந்தால், கதிர்வீச்சால் கல்லீரலே பாதிக்கப்பட்டிருக்கலாம். அது அரிது, ஆனால் தாமதிக்கக் கூடாதது. கறுப்பாக மலம் போனாலும் அப்படியே. முதல் ஸ்கேனில் கட்டி சுருங்காமல் இருந்தால் மனம் உடைய வேண்டாம். முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும்.

மகளைப் பொறுத்தவரை, சிகிச்சைக்குப் பின் ஒரு வாரம் அவள் தந்தையின் அருகில் நெருங்கி உட்காருவதையும் ஒரே அறையில் படுப்பதையும் தவிர்த்தால் போதும். அவர் உங்களோடு சேலத்தில் தங்கினால் இது தானாகவே நடந்துவிடும். தனித்தட்டு, தனிக்குவளை தேவையில்லை. முதல் நாள் கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றிவிட்டுக் கைகளை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள்.

இவ்வளவு எழுதிய நீங்கள் உங்கள் உடல்நிலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழும் நீங்களும் ஆண்டுக்கொருமுறை ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீர்ப் புரதம் பார்க்க வேண்டியவர். அவருக்கு ரத்தம் எடுக்கும் நாளிலேயே உங்களுக்கும் எடுத்துவிடுங்கள்.

கையெழுத்து யாருடையது?

சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் சம்மதத்தை அவர் மட்டுமே தர முடியும்; உறவினர் அவருக்காகத் தர இயலாது. 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சிகிச்சையின் தன்மை, அபாயம், மாற்று வழிகள் ஆகியவற்றை அறிந்து தரும் சம்மதமே சம்மதம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், காய்ச்சலை மறைக்காமல் சொல்ல வேண்டியவரும், மாத்திரையைத் தவறாமல் போட வேண்டியவரும் அவரே. டயாலிசிஸையும் மாற்று அறுவையையும் தாங்கியவர் இதையும் தாங்குவார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை; "கட்டி கெட்ட வகையைச் சேர்ந்தது, ஆனால் வழி இருக்கிறது" என்று மருத்துவர் முன்னிலையில் தொடங்குங்கள். அவர் கேட்கும் அளவுக்குப் பதில் சொல்லுங்கள்.

செலவு பல லட்சத்தில் வரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு; ஆனால் எல்லாச் சிகிச்சைகளும் எல்லா மருத்துவமனைகளிலும் அதில் அடங்குவதில்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலுள்ள திட்டப் பிரிவிலும், சிகிச்சை செய்யப்போகும் மருத்துவமனையிலும் தனித்தனியாகக் கேளுங்கள். பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். வேறொரு மருத்துவரின் கருத்தையும் பெற விரும்பினால், எழுத்து மூலம் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. ஸ்கேன் குறுந்தகட்டையும் சேர்த்துக் கேளுங்கள். இட்ரியம் துகள் மருந்து குறிப்பிட்ட நாளுக்கென்று வரவழைக்கப்படுவது. அதன் வீரியம் மணிக்கு மணி குறைவதால் அடுத்த வாரத்துக்கு எடுத்துவைக்க முடியாது. ஆகவே காய்ச்சல், சளி, சர்க்கரை எதுவானாலும் முன்கூட்டியே சரிசெய்துகொண்டு, காப்பீட்டுப் பிரிவின் பதிலை எழுத்தில் பெற்ற பிறகே மருந்துக்கு முன்பணம் கட்டுங்கள்.